முதலாம் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை

செவ்வாயும் வியாழனும் இரவு எட்டரைக்குப் பிறகு என் வீட்டுக் குசினியில் நான் கால் வைக்கக்கூடாது. அரிசி மூட்டையை மூன்று மாடி தூக்கி ஏற்றுகிறவன் நான். காரைச் சுற்றிப் பனி வெட்டுகிறவனும் நான். ஆனாலும் கூடாது. அந்த நேரத்தில் அது குசினி இல்லையாம், பள்ளிக்கூடமாம்.

என் மனுசி யோசெப்பின் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பருப்புத் தகரப் பேணியில் ஐபாடைச் சாய்த்து வைத்து, தலை சீவிப் பவுடரும் போட்டுக்கொண்டு உட்காருவாள். மறுபக்கத்தில் தாய்லாந்து. வடகிழக்கு மூலையில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம். குளிர்காலத்தில் இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை எட்டரை. கொடி ஏற்றிப் பாட்டுப் பாடி முடித்த கையோடு ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வந்து அமர்ந்து, கைகூப்பி, "குட் மோர்னிங் குரூ யோ" என்பார்கள். அவர்களுடைய பாஷையிலும் ஆசிரியருக்குக் குரு என்றுதான் பெயர். நான் படுக்கையறைக் கட்டிலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கதவு வழியே ஆங்கிலம் கேட்டபடி புட்டுச் சாப்பிடுவேன்.

நான் கிறிஸ்தோப்பர். மொன்றியல் துறைமுகத்திலிருந்து சென்ட் லோரன்ட் களஞ்சியங்களுக்குக் கொண்டெய்னர் இழுக்கிறவன். விடிய நாலு மணிக்கு எழும்பவேண்டிய மனிதன், எட்டரைக்கு நித்திரை கொள்ள ஏலாமல் 'திஸ் இஸ் எ ஸ்பூன்' கேட்டுக்கொண்டிருந்தால் கோபம் வருமா, வராதா? வரும். முதல் மாதம் முழுக்க வந்தது. அதை நான் ஒளிக்கவில்லை.

ஆனால் யோசெப்பினுக்குத் தொண்டு என்பது புதிய விஷயம் அல்ல. மன்னாரில் அவள் தொண்டராசிரியை. வடக்கிலே இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். சண்டைக்காலத்தில் பள்ளிக்கூடங்களில் ஆள் இல்லை. நிரந்தர நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிச் சொல்லியே இளம் பிள்ளைகளைச் சம்பளம் இல்லாமல் படிப்பிக்க விட்டார்கள். இவளும் வெள்ளைச் சேலையைத் தோய்த்துத் தோய்த்து உடுத்திக்கொண்டு வருடக்கணக்காகப் போனாள். நியமனம் வரவில்லை, திரும்பவும் பெரிய சண்டைதான் வந்தது. பிறகு நாங்கள் ஊரைவிட்டு ஓடினோம். கனடாவுக்கு வந்து அவளுக்குக் கிடைத்த வேலை சென்ட் லோரன்டில் ஒரு கார்டெரியில் சின்னஞ்சிறுசுகளைப் பார்ப்பது. அந்த வேலையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர.

"எல்லாத்துக்கும் ஒரு பிறாவோ" என்று சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை சப்பாத்தைப் போட்டால் பிறாவோ. கழற்றினாலும் பிறாவோ. மூக்கைச் சிந்தினால் பெரிய பிறாவோ. ஒரு நாளைக்கு எத்தனை பிறாவோ சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது, வாய் உளைகிறது என்பாள். படிப்பிக்கிறது என்றால் அவளுக்கு வாய்ப்பாடு, சொல்வதெழுதல், பரீட்சை, பரிசளிப்பு. அந்த ஆசை அவளுக்குள் அணையாமல்தான் கிடந்திருக்கிறது. அதை ஊதி விட்டவள் மாலி.

மாலியைப் பற்றிச் சொல்லவேண்டும். சண்டை முடிந்த கையோடு நாங்கள் பாங்கொக் போய்ச் சேர்ந்தோம். விசா முடிந்தது, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. ஒரு ஒற்றை அறையில் நானும் யோசெப்பினும் எங்கள் மகள் றொஷினியும். அப்போது றொஷினி சின்னப் பிள்ளை. மாலி எங்களுக்குக் கீழ்மாடியில் தன் சித்தியோடு இருந்தவள், ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். யோசெப்பினிடம் ஆங்கிலம் கதைத்துப் பழகலாம் என்று மேலே ஏறி வருவாள். பொலிஸ் பிடிக்கிறது என்று கதை அடிபட்டால் நாங்கள் வெளியே தலை காட்டமாட்டோம். அந்த நாட்களில் அரிசியும் முட்டையும் கருவாடும் கதவடியில் இருக்கும். மாலி வைத்துவிட்டுப் போயிருப்பாள், தட்டக்கூட மாட்டாள். அவள்தான் இப்போது தன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வர முடியுமா குரூ என்று அவள் கேட்டதும், யோசெப்பின் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓம் சொல்லிவிட்டாள்.

மாதா கோயில் மண்டபத்தில் பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது ஹென்றி அண்ணை ஒருநாள் இதைப் பிடித்துக்கொண்டார். ஹென்றி அண்ணைக்கு எல்லாரையும் திருத்துகிற வேலை இருக்கிறது. ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் கூரை இல்லாமல் கிடக்க, உமக்குத் தாய்லாந்துதான் கண்ணில் பட்டதோ என்று நாலு பேருக்குக் கேட்கக் கேட்டார். எனக்கு ஏறிவிட்டது. நான் வாய் திறக்கமுதல் யோசெப்பின் சாந்தமாகச் சொன்னாள்.

"ஹென்றி அண்ணை, மாலி எங்கடை கதவடியிலை அரிசி வைக்கேக்கை, நீங்கள் எந்த ஊர் எண்டு கேட்டு வைச்சவளோ?"

அவர் பிஸ்கட்டைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டு பனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

நான் அந்த வகுப்புக்குள் மாட்டுப்பட்டது ஒரு தாகத்தால். ஒருநாள் மறந்துபோய்ச் சாறத்தோடு, மேலில் ஒன்றும் இல்லாமல், தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போய்விட்டேன். ஐபாடுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று எனக்குக் கைகூப்பினார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனடாக்காரர் கோட்டுப் போட்டிருப்பார் என்று நினைத்தோம், இவர் எங்கள் ஊர்ப் பெரியவர் மாதிரியே இருக்கிறாரே என்று சொன்னார்களாம். யோசெப்பின் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் அடுத்த வகுப்பில் பிள்ளைகள் சாறத்து ஐயா எங்கே என்று கேட்டார்கள். அதோடு எனக்குச் சேட்டுப் போட்டு வேலையும் தந்தாள். உருளைக்கிழங்கு, அகப்பை, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டவேண்டும். ஒருமுறை பல்கனியில் இருந்து ஒரு கிண்ணம் பனி அள்ளி வந்து, அது தண்ணீராகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன், கை விறைத்துப் போனது.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் சகோதரிகள். மூத்தவள் டாவ், ஆறாம் வகுப்பு. இளையவள் பிம், ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் சின்னது என்பதால் இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை, அவர்கள் இருவருக்கும் ஒரே வாங்கு. டாவ் சைக்கிள் ஓட்ட, பிம் பின்னால் இருந்து வருவாள் என்று மாலி சொல்வாள். டாவ் அமைதி. பிம் ஒரு வாயாடி. வகுப்பு முடிந்தாலும் போகமாட்டாள், எங்கள் குசினியில் இருக்கிற ஒவ்வொன்றையும் விரலால் காட்டி வட் இஸ் திஸ், வட் இஸ் திஸ் என்று கேட்டபடி நிற்பாள். இடியப்ப உரலுக்கு ஆங்கிலம் தெரியாமல் யோசெப்பினே முழித்திருக்கிறாள். பிம் என்றால் அவளுக்கு உயிர்.

டிசம்பரில், புதுவருடக் கொண்டாட்டத்தோடு ஒரு பரிசளிப்பு விழா வைக்கப் போவதாக யோசெப்பின் அறிவித்தாள். பரீட்சை வைத்து, முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று கடைசிப் பிள்ளை வரை பெயர் வாசித்து, வரிசையில் நிற்பாட்டிப் பரிசு. மன்னாரில் அப்படித்தான், எங்களுடைய ஊர்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். முதலாம் பிள்ளையின் தாய் அன்றைக்கு நல்ல சேலை உடுத்தி முன்வரிசையில் இருப்பாள், கடைசிப் பிள்ளையின் தாய் வரவே மாட்டாள். பல்கலைக்கழகம் போகிற றொஷினி இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் புள்ளியை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள் அம்மா, வேண்டாம் என்றாள்.

"அதுதான் இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது" என்றாள் யோசெப்பின்.

நான் என் மனுசியின் பக்கம்தான் நின்றேன். நானும் அதே பள்ளிக்கூடங்களில் படித்தவன்தானே. மாலியிடம் சொன்னபோது அவள் நல்லது குரூ, நல்லது குரூ என்று சிரித்தாள். யோசெப்பின் அவளுக்கு ஒருகாலத்தில் படிப்பித்தவள், படிப்பித்தவரின் சொல்லை மறுத்துக் கதைக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. எங்களுக்கு அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று விளங்கவில்லை.

விழா நடந்தது. முதலாம் பிள்ளை பிம். நாங்கள் தபாலில் அனுப்பிய, மேப்பிள் இலை போட்ட வர்ணப் பென்சில் பெட்டி அவளுக்கு. யோசெப்பின் ஒவ்வொரு பெயராக வாசிக்க, மாலி பிள்ளைகளை வரிசையில் விட்டாள். வரிசையின் கடைசியில் டாவ். பிம் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் கைதட்டினேன். அன்றிரவு யோசெப்பினுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அந்தப் புளுகத்தில் எனக்கு இரண்டு முட்டை பொரித்தாள்.

புதுவருடத்துக்குப் பிறகு நடந்த முதல் வகுப்பில் பிம்மைக் காணோம்.

காய்ச்சலாக்கும் என்று நினைத்தோம். ஆனால் வகுப்பறையின் பின்னால் ஒரு பெரிய யன்னல். அதற்கு அப்பால் பள்ளிக்கூடத் தோட்டம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோவாவும் பயிற்றங்காயும் நட்டிருப்பார்கள். அங்கே பச்சைப் பூவாளியோடு ஒரு பிள்ளை நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. பிம்தான். ஐபாடில் மணியடிக்கிற சத்தம் கேட்டால் பூவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாளாம். மற்றப் பாடங்களுக்கு வருகிறாள், எங்களுடைய வகுப்புக்கு மட்டும் இல்லை. மாலியிடம் காரணம் கேட்டால், ஒன்றும் இல்லை குரூ, அவளுக்குத் தண்ணீர் விட விருப்பம் என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் காணப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் எந்தப் பிள்ளைக்கு ஒரே கோவாவுக்கு மூன்று வாரம் தண்ணீர் விட விருப்பம்?

கடைசியில் றொஷினிதான் மாலியோடு செய்தி அனுப்பி அனுப்பி உண்மையை எடுத்தாள். விழாவன்று பின்னேரம் கிராமத்து ஆட்கள் டாவைப் பார்த்து, இனிமேல் நீ பின்னாலே இரு, தங்கச்சி சைக்கிள் ஓட்டட்டும் என்று பகிடி விட்டார்களாம். வெறும் பகிடிதான். ஆனால் அடுத்த நாள் பிம் அந்த வர்ணப் பெட்டியை அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்காவுக்கு முன்னாலே போகிற வகுப்புக்கு நான் வரமாட்டேன் என்று மாலியிடம் சொல்லியிருக்கிறாள்.

யோசெப்பின் இதைக் கேட்டு நின்ற நிலையில் நின்றாள். கையில் மாப் பிசைந்தது அப்படியே காய்ந்துபோனது.

"என்னாலை ஒரு பிள்ளை படிப்பை விட்டிட்டுது" என்றாள்.

மார்ச் மாதத்தோடு அங்கே பள்ளிக்கூட வருடம் முடிகிறது. டாவ் தூரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அதற்குள் இது சரிவராவிட்டால் பிம் ஆங்கிலம் என்ற பக்கமே தலை வைக்கமாட்டாள் என்று மாலியும் இப்போது வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கிழமைகளில் யோசெப்பின் படிப்பித்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முன்னால் இருக்கிற பிள்ளைகளோடு கதைப்பாள், கண் யன்னலுக்கு ஓடிவிடும். பச்சைப் பூவாளி இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். ஒருமுறை பிம் நின்று யன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நான் கையில் வைத்திருந்த பீற்றூட்டை அவளுக்கும் தெரியட்டும் என்று உயர்த்திக் காட்டினேன். உடனே குனிந்துவிட்டாள்.

யோசெப்பின் ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லாரும் முதலாம் பிள்ளை என்று அறிவித்தாள், எல்லாருக்கும் வர்ணப் பெட்டி கொடுக்கச் செய்தாள், ஒவ்வொருவருக்கும் ஒரு பிறாவோவும் சொன்னாள். பிள்ளைகள் சந்தோசமாக வாங்கினார்கள். டாவ் வாங்கிக்கொண்டு, தலையை இன்னும் கீழே போட்டாள். பூவாளி அசையவில்லை. றொஷினி மெல்லச் சொன்னாள், அம்மா, இது டாவுக்கு இரக்கப்பட்டுச் செய்த மாதிரி எல்லாருக்கும் தெரிகிறது என்று. யோசெப்பினுக்கும் அது தெரிந்திருந்தது. கோபத்தில் மகளை ஏசிப்போட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதமா, கெட்டிக்காரப் பிள்ளை தன் படிப்பைத் தானே கெடுக்கிறதே, அக்கா பின்னால் நின்றால் இவள் ஏன் நிற்கவேண்டும் என்று. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேரும்" என்றேன், "நீர் என்னை ஆறு வருசம் ஏன் காக்க வைச்சனீர்?"

"அது வேறை கதை. அக்கா இருக்கேக்கை நான் எப்பிடி..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அது வேறு கதை அல்ல. யோசெப்பினுக்கு மூத்தவர் பிலோமினா அக்கா. அவருக்குப் பேசிவந்த கலியாணங்கள் ஒவ்வொன்றாகக் குழம்பின. ஒன்று சீதனத்தால், ஒன்று இடப்பெயர்வால், ஒன்றுக்குக் காரணமே இல்லை. அக்கா இருக்கத் தங்கச்சி கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு ஓம் என்று சொல்லிவிட்டு, யோசெப்பின் தொண்டராசிரியையாகப் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் லொறி ஓடிக்கொண்டு காத்திருந்தேன். எத்தனை பேர் வந்து சொல்லியும் அவள் அசையவில்லை. தகப்பன் சொல்லி அசையவில்லை, சுவாமியார் சொல்லி அசையவில்லை. என் கதையை விடுங்கள்.

அசைத்தது பிலோமினா அக்காதான். ஒருநாள் வெயிலுக்குள் நடந்து லொறி நிற்பாட்டுகிற இடத்துக்கு என்னைத் தேடி வந்தார். தம்பி, நான் கட்டப்போவதில்லை, அதை எப்போதோ முடிவெடுத்துவிட்டேன் என்றார். பிறகு சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "அவள் எனக்காண்டி நிக்கிறாள் எண்டு எல்லாரும் அவளை மெச்சினம். ஆனால் அவள் நிக்க நிக்க, சனம் என்னைத்தான் பாக்குது." கலியாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம்வரை யோசெப்பினைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தவர் தகப்பன் இல்லை, அக்கா. அதைப் பார்த்த ஒரு சனமும் பிறகு வாய் திறக்கவில்லை.

யோசெப்பின் குழாயைப் பூட்டினாள்.

"நான் தங்கச்சியாரையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன் என்னப்பா" என்றாள். "தமக்கையையெல்லோ பாத்திருக்கவேணும்."

"டாவ் கூப்பிட்டால் வருவாள்" என்றேன்.

சும்மா கூப்பிடச் சொன்னால் சரிவராது என்றாள். கடைசிப் பிள்ளை என்று பேரெடுத்தவள் என்ன முகத்தோடு போய்க் கூப்பிடுவாள்? அவளுக்கு முதலில் ஒரு நிலை வேண்டும். அப்படியே கை ஈரத்தோடு மேசையில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு, மொனிற்றர் என்றாள். எங்கள் பள்ளிக்கூடங்களில் மொனிற்றர் முதலாம் பிள்ளையாக இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இடாப்பில் இருக்கிற பெயர்களைக் கூப்பிடவேண்டும், சத்தம் போடுகிறவர்களை அடக்கவேண்டும், வகுப்புக்கு வெளியே நிற்கிறவர்களைப் போய்ப் பிடித்து வரவேண்டும். நம்பிக்கையான, பொறுப்பான பிள்ளைக்குத்தான் அது.

"தங்கச்சியை ஏத்திக்கொண்டு மேடு பள்ளத்திலை சைக்கிள் ஓடுற பிள்ளைக்கு வகுப்பை ஓட்டத் தெரியாதோ?" என்றாள். மாலியிடம் சொன்னபோது அவள் இந்த முறை சிரிக்கவில்லை. இது எங்கள் பள்ளிக்கூடத்திலும் உண்டு குரூ, அவளை நான் முன்னமே வைத்திருக்கவேண்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பனிப்புயல். பஸ்கள் ஊர்ந்தன. எட்டு மணியாகியும் யோசெப்பின் வரவில்லை. நானே சேட்டைப் போட்டு ஐபாடைப் பருப்புப் பேணியில் சாய்த்து வைத்தேன். அவளுக்காகத்தான் செய்தான், இவனுக்கு அந்த வகுப்பில் என்ன தலையிடி என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, எனக்கும் அந்தப் பிள்ளை வரவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. மணியடிக்கிற நேரத்தில் கதவு திறந்தது. தலையெல்லாம் பனியோடு, ஜக்கெற்றும் சப்பாத்தும் கழற்றாமல், அவள் நேரே வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் குட் மோர்னிங் சொன்னார்கள். யோசெப்பின் டாவை எழுந்து முன்னால் வரச் சொன்னாள். அந்தப் பிள்ளை பயந்து வந்து நின்றது. சின்னச் சின்ன ஆங்கிலத்தில் யோசெப்பின் சொல்ல, மாலி அவர்கள் பாஷையில் சொன்னாள். டிசம்பரில் நான் பெயர் வாசித்த விதம் பிழை. உன்னை எல்லாருக்கும் முன்னால் கடைசியில் நிற்பாட்டினேன். என்னை மன்னித்துக்கொள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ரீச்சர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நான் என் காலத்தில் கண்டதில்லை.

பிறகு இரக்கம் ஒன்றும் இல்லாத குரலில், ரீச்சர் குரலில், இன்றிலிருந்து நீ மொனிற்றர், இடாப்பைக் கூப்பிடு, எல்லாரும் உள்ளே இருக்கவேண்டியது உன் பொறுப்பு என்றாள்.

டாவ் மாலியின் முகத்தைப் பார்த்தாள். மாலி பெயர்ப் பதிவை அவள் கையில் கொடுத்தாள். டாவ் வாசிக்கத் தொடங்கினாள். முதல் பெயர் எங்களுக்குக் கேட்கவேயில்லை. இரண்டாவது கொஞ்சம் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பிள்ளை பதில் சொன்னது. போகப்போகக் குரல் ஏறியது. கடைசியில், "பிம்" என்றாள்.

பதில் இல்லை. வகுப்பே திரும்பி யன்னலைப் பார்த்தது. டாவ் இன்னொரு தரம் கூப்பிட்டாள், இந்த முறை தோட்டத்துக்குக் கேட்கக் கூப்பிட்டாள். பூவாளி அப்படியே நின்றது. யோசெப்பின் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். பனியில் நனைந்த கையுறையோடு பிடித்தாள்.

டாவ் பதிவை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். யன்னலுக்குள்ளால் அவள் தோட்டத்துக்குப் போவது தெரிந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. பிம் தலையை ஆட்டி ஆட்டி மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. டாவ் பூவாளியைத் தங்கச்சியின் கையிலிருந்து வாங்கினாள். கடைசிக் கோவாவுக்கு மிச்சத் தண்ணீரைத் தானே விட்டாள். வெறும் பூவாளியை நிலத்தில் வைத்தாள். பிறகு பிம்மின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே வந்து தங்கச்சியை வாங்கில் இருத்தினாள். திரும்ப முன்னால் போய்ப் பதிவை எடுத்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கூப்பிட்ட அதே குரலில் மூன்றாம் தரம் கூப்பிட்டாள்.

"பிம்."

"கா" என்றாள் பிம். பெண்பிள்ளைகள் அங்கே அப்படித்தான் ஓம் சொல்வார்கள். டாவ் பதிவில் அடையாளம் போட்டாள்.

இனி யோசெப்பின் பாடத்தைத் தொடங்கவேண்டும். அவளால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜக்கெற் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐபாடுக்குள் அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் என்ன செய்ய? கைக்கு எட்டியதை எடுத்து உயர்த்தினேன். இடியப்ப உரல். "வட் இஸ் திஸ்?" என்றேன். அதற்கு எங்கள் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது அந்த வகுப்புக்கே தெரியும். முதலில் சிரித்தது பிம். அக்காவைப் பார்த்தாள், அக்காவும் சிரித்தாள்.

வகுப்பு முடிந்ததும் யோசெப்பின் எழும்பவில்லை. அதே கதிரையில் இருந்தபடி மன்னாருக்கு அழைத்தாள். அங்கே விடிந்துவிட்டது, பிலோமினா அக்கா காலைப் பூசை முடிந்து வந்திருந்தார். என்னடி இந்த நேரத்தில், சுகம்தானே என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"சுகம்தான் அக்கா. சும்மாதான் எடுத்தனான்" என்றாள் யோசெப்பின். "அண்டைக்குக் கோயிலுக்குள்ளை என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனீங்கள் எல்லே. அதுக்கு நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

மறுபக்கத்தில் ஒரு சேவல் கூவியது.

"உன்ரை கை நல்லா வேர்த்துக் கிடந்தது" என்றார். "என்ரையும்தான்."

அதற்குப் பிறகு இருவரும் மழையைப் பற்றியும் கோழியைப் பற்றியும் கதைத்தார்கள். நான் கீழே பார்த்தேன். அவளுடைய சப்பாத்தில் இருந்த பனி முழுக்க உருகிக் குசினி நிலம் எல்லாம் தண்ணீர். என்ன மனுசி இவள் என்று முணுமுணுத்துக்கொண்டு முழங்காலில் இருந்து, ஒவ்வொரு சப்பாத்தாகக் கழற்றி வாசலில் வைத்தேன். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையை என் தலையில் வைத்து, கார்டெரிப் பிள்ளைக்குச் சொல்வது போலவே சொன்னாள்.

"பிறாவோ."